கட்டினால் நிற்காத படகு

படகு தொங்கிக்கொண்டிருந்தது.

மிதப்பதற்கென்றே செய்த ஒரு பொருள் இப்படித் தொங்கி முன்ஜி இதுவரை பார்த்ததில்லை. மூக்கு வானத்தைப் பார்த்திருந்தது. வால் மட்டும் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த துடுப்பு, வாளி, பழைய செருப்பு எல்லாம் சரிந்து பின்பக்கம் போய்க் குவிந்திருந்தன. பல் வைத்தியரின் நாற்காலியில் அண்ணாந்து படுத்தவனைப் போல இருந்தது அது.

"காலையில நான் சரியாத்தான் கட்டினேன்," என்றார் முன்ஜி.

"காலையில தண்ணி மேல இருந்துச்சு," என்றார் சாதோக். துறைமேடையில் காலை நீட்டி உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த அவர், கண்ணை வலையிலிருந்து எடுக்கவில்லை. "இப்போ வத்திப்போச்சு. தண்ணி இறங்கினா படகும் கூட இறங்கணும். நீ கயித்தை இழுத்துப் பிடிச்சுக் கட்டிட்டே. அது எங்க போகும் பாவம்? தொங்குது."

கெர்கென்னாத் தீவில் பிறந்த மனிதருக்குக் கடல் ஏறி இறங்கும் என்பது தெரியாதா என்றால், தெரியும். ஆனால் முன்ஜியின் வேலை ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்குப் போய்வரும் பெரிய கப்பலில் டிக்கெட் கிழிப்பது. கப்பலைக் கட்டுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். டிக்கெட்டைக் கிழித்தபடியே ஒரு கண்ணால் அவர்களைப் பார்த்துப் பார்த்து, கயிறு கட்டுவதைப் பற்றி அவருக்கு ஏராளமான அபிப்பிராயங்கள் சேர்ந்திருந்தன. அனுபவம்தான் சேரவில்லை.

இதெல்லாம் இன்றைக்கு என்று பார்த்து நடக்க வேண்டுமா? மகள் ரீமைக் கேட்டு ஸ்ஃபாக்ஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வருகிறார்கள். பேச்சு முடிந்தால் இன்றைக்கே ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்துவிடுவதாக ஏற்பாடு. ஸ்ஃபாக்ஸ்காரர்கள் தங்கள் சாப்பாட்டைத் தவிர வேறு சாப்பாட்டைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளாதவர்கள். அவர்கள் முன்னால் தீவின் மானத்தைக் காக்க வேண்டியது எட்டுக் கைப் பேய்க்கணவாயைப் போட்டுச் செய்யும் கூஸ்கூஸ் என்ற ரவைச் சோறுதான். அதனால் முன்ஜி லீவு போட்டுவிட்டு, விடிந்ததிலிருந்தே சமையல்கட்டில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மனைவியின் தம்பி பெஷிர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றான்.

"மச்சான், சாயங்காலம் காத்து வருமாம். நான் ஸ்ஃபாக்ஸ் போய் அவங்களைக் கூட்டிட்டு வரணும். அவசரத்துல என் படகை அரைகுறையா மாட்டிட்டு வந்துட்டேன். நீங்க ஒரு நடை அத்தாயாத் துறைக்குப் போய்ப் பத்திரமாக் கட்டிட்டு வர முடியுமா? வேற யார்கிட்ட விட்டாலும் எனக்கு மனசு கேக்காது."

"இன்னிக்கா? அவரு இல்லாம இங்க அடுப்படி எப்படிடா நடக்கும்?" என்று ஸக்கியா தம்பியைக் கடிந்துகொண்டாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே முன்ஜிக்கு மச்சினன் மேல் இரக்கம் வந்தது. பெஷிருக்கு அந்தப் படகுதான் சோறு. "சும்மா இரு ஸக்கியா. ஒரு முடிச்சு போட எவ்வளவு நேரமாகும்? நான் வர்ற வரைக்கும் கணவாயைப் பானையில போடாத," என்று சொல்லி, மாப்பிள்ளை வீட்டாருக்காகப் பளபளவென்று துடைத்து வைத்திருந்த கறுப்பு ஷூவையே மாட்டிக்கொண்டு மொபெட்டில் கிளம்பினார்.

போனார். கட்டினார். பெரிய கப்பலைக் கட்டுவது போல விறைப்பாக, ஒரு விரல்கடை இடைவெளி இல்லாமல் கட்டினார். அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். டீக்கடை ஹத்தாப் கூப்பிட்டு உட்கார வைத்து, "அண்ணே, என்ன முடிச்சு அது? இந்தத் துறையில யாரும் அப்படிக் கட்டி நான் பாத்ததில்லையே," என்று கேட்டுவிட்டான். கேட்டவனுக்குச் சொல்லாமல் போவது முறையா? சொன்னார். சாதோக் வந்து, தனக்கும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னார். டீ வந்தது. இன்னொரு டீ வந்தது. முடிச்சின் பெருமை பேசி முடிவதற்குள் கடல் இறங்கிவிட்டது.

"இப்போ என்ன செய்யலாம்?" என்று கேட்டார் முன்ஜி.

"அவுத்து விடு."

அவிழ்க்கப் பார்த்தார். படகின் மொத்தக் கனமும் தொங்கி இறுக்கியதில் முடிச்சு கல்லாகிவிட்டிருந்தது. நகம் உடைந்ததுதான் மிச்சம். பல்லால் கடித்தும் பார்த்தார்.

"முடிச்சு நல்ல முடிச்சுதான்," என்று ஒப்புக்கொண்டார் சாதோக். "பிரியவே மாட்டேங்குது."

கடைசியில் ஹத்தாப் வெங்காயம் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தான். முன்ஜி கயிற்றை அறுத்தார். படகு தொப்பென்று விழுந்து, ஒரு அண்டா தண்ணீரை அவர் மேல் வாரி இறைத்துவிட்டு, விடுதலை கிடைத்த குஷியில் மெல்ல மெல்லத் துறையின் நடுப்பக்கம் கிளம்பியது.

"அறுக்கறதுக்கு முன்னாடி வேற கயிறு ஒண்ணு மாட்டியிருக்கணும்," என்றார் சாதோக்.

"இதை இப்போ சொல்றீங்களே."

"நீ இப்பத்தானே அறுத்தே."

தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் அடியில் சேறு. முன்ஜி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். சுருட்டியது முழங்கால் வரை, நனைந்தது மார்பு வரை. படகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு திரும்பியபோது வலது காலில் ஷூ இல்லை. அதைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. ஒற்றை ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹத்தாப்பிடம் கொடுத்து வைத்திருந்த போன் அடித்தது.

"என்னங்க, படகு என்னாச்சு? பத்திரமா இருக்கா?" ஸக்கியாவின் குரலில் கவலை வழிந்தது.

"பத்திரமா ஆகிக்கிட்டிருக்கு. நீ கணவாயைப் போட்டுட்டியா?"

"அய்யோ, நீங்க சொல்லாமப் போடுவேனா? முதல்ல படகைப் பாருங்க. தம்பி பொழைப்பே அதுலதான் இருக்கு. அவசரப்படாதீங்க, நிதானமாக் கட்டுங்க."

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைக்கும் என்று முன்ஜிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. "சீரகத்தை மட்டும் நானே வந்து போடறேன்," என்று சொல்லி வைத்தார்.

படகின் பக்கவாட்டில் 'சலூஹா' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. பெஷிர் தன் மாமியார் பெயரை வைத்திருந்தான். அந்த அம்மாளும் ஒரு வீட்டில் ஒரு வாரம் தங்கியதாகச் சரித்திரம் இல்லை.

இந்த முறை முன்ஜி பாடம் கற்றுக்கொண்டிருந்தார். இறுக்கமாகக் கட்டினால் தொங்குகிறது. அப்படியானால் தளர்வாகக் கட்ட வேண்டும். சாதோக் கொடுத்த நீளக் கயிற்றை வாங்கி, துறைமேடையின் இரும்புக் குத்தியில் மாட்டி, தாராளமாக விட்டார். கடல் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறட்டும், இறங்கட்டும், யார் கேட்கப்போகிறார்கள்?

மொபெட்டைக் கிளப்பிப் பாதி வழி போயிருப்பார். ஈச்ச மரங்களுக்கு நடுவே ஈரக் கால்சட்டை காற்றில் படபடக்க, கணவாய்க்கு எவ்வளவு மிளகாய் விழுது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி போன் வந்தது. சாதோக்.

"முன்ஜி, நீ கிளம்பிட்டியா?"

"ஏன்?"

"இல்ல, சலூஹாவும் கிளம்பிடுச்சு. அதான் கேட்டேன்."

திரும்பி ஓடினார். கயிறு அவிழவில்லை. ஆனால் அத்தனை நீளக் கயிற்றை வைத்துக்கொண்டு ஒரு படகு சும்மா இருக்குமா? ஊரைச் சுற்றிப் பார்ப்பது போல ஒரு வட்டம் போட்டு, நேற்றுத்தான் வெள்ளைப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்த ஹத்தாப்பின் படகின் மேல் தன் நீல விலாவை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. பசுமாடு சுவரில் உரசுவதைப் போல, கண்ணை மூடி ரசித்து.

ஹத்தாப் டீ கிளாஸோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"நல்லாயிருக்கு அண்ணே. நீலக் கோடு ஒண்ணு போடலாமான்னு நானே யோசிச்சிட்டிருந்தேன்."

"நான் துடைச்சுத் தர்றேன்."

துடைத்தார். பெயிண்ட் காயவில்லை. நீலமும் வெள்ளையும் கலந்து ஒரு முழ அகலத்துக்கு மேகம் உண்டானது. மேலும் துடைத்தார். மேகம் மழைக்காலத்து மேகமாயிற்று. அவருடைய சட்டையிலும் கொஞ்சம் வானம் தெரிந்தது.

"விடுங்க அண்ணே, போதும்," என்றான் ஹத்தாப். "நீங்க இதுக்கு மேல உதவி செஞ்சா என் படகு எனக்கே அடையாளம் தெரியாது."

"மூக்கை மட்டும் கட்டினா வால் ஆடத்தான் செய்யும்," என்றார் சாதோக், வலைக்குள்ளிருந்து. "பின்னாடி ஒரு நங்கூரம் போடு. ரெண்டு பக்கமும் பிடிச்சு வெச்சா எங்க போகும்?"

அது நியாயமாகப் பட்டது. முன்ஜி படகில் ஏறி, பின்பக்கம் நின்று, நங்கூரத்தை எடுத்தார். ஒரு வீரன் ஈட்டி எறிவதைப் போல எறிந்தார். அது விழுந்தது. பிடித்தது. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. அப்படி ஒரு பிடி. முகமெல்லாம் மலர்ந்து அவர் திரும்பியபோது, ஹத்தாப் தலையில் கை வைத்திருந்தான்.

"அண்ணே, அங்கதான் என் பானை எல்லாம் இருக்கு."

கணவாய் பிடிக்க அந்தத் தீவில் கயிறு நெடுக மண்பானைகளைக் கட்டிக் கடலடியில் போட்டு வைப்பார்கள். வாடகை இல்லாத வீடு கிடைத்ததே என்று கணவாய் உள்ளே குடியேறும். தண்ணீர் ஏறும்போது கொண்டுபோய்ப் போடுவதற்காகத் துறையோரமாய் இறக்கி வைத்திருந்த பானைக் கயிற்றில்தான் முன்ஜியின் நங்கூரம் அவ்வளவு உறுதியாகப் பிடித்திருந்தது.

இழுக்கத் தொடங்கினார். நங்கூரம் வரவில்லை, பானைகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, ஊர்வலம் வருவது போல வந்து படகுக்குள் ஏறின. இரண்டு உடைந்தன. கடைசிப் பானையிலிருந்து ஒரு கை வந்தது. அப்புறம் இன்னொரு கை. நடுத்தர வயதுடைய, அமைதியைக் குலைத்ததில் கடுங்கோபம் கொண்ட ஒரு பேய்க்கணவாய் வெளியே வந்து, முன்ஜியின் முழங்கையைச் சுற்றிப் பிடித்து, விடமாட்டேன் என்று உட்கார்ந்தது.

"பாத்தியா, அதுக்குத் தெரியுது கட்டற விதம்," என்றார் சாதோக். "நல்லாக் கவனிச்சுக்க."

போன் அடித்தது. கணவாய் பிடித்திராத கையால் எடுத்தார்.

"என்னங்க, ஆச்சா?"

"ஸக்கியா, சமையலுக்கு இன்னொரு கணவாய் கிடைச்சிருக்கு. உசுரோட இருக்கு. இதோ எடுத்துட்டு வர்றேன்."

மறுமுனையில் சட்டி ஒன்று கீழே விழுந்த சத்தம்.

"வேண்டாங்க. அதெல்லாம் வேண்டாம். இருக்கறதே போதும். நீங்க அங்கயே இருந்து படகைப் பாருங்க. இப்பத்தான் பெஷிர் போன் பண்ணினான், படகு படகுன்னு உருகறான்."

"அப்போ உப்பு? உப்பைக் கடைசியிலதான் போடணும், ஞாபகம் இருக்கா?"

"எழுதி வெச்சிருக்கேங்க," என்றாள் ஸக்கியா.

கணவாயை ஹத்தாப் லாகவமாகப் பிரித்தெடுத்தான். முழங்கையில் வட்ட வட்டமாகத் தழும்பு, பொத்தான் தைத்த மாதிரி. முன்ஜி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவருக்குள் ஏதோ ஒரு பிடிவாதம் எழுந்துவிட்டது. இது இனிமேல் பெஷிரின் படகு விவகாரம் அல்ல. இது அவருக்கும் சலூஹாவுக்கும் நடுவே உள்ள விவகாரம்.

நங்கூரத்தை விடுவித்து, பானை இல்லாத பக்கம் போட்டார். மூக்கிலிருந்து இரண்டு கயிறுகளை இரண்டு குத்திகளுக்கு விரித்துக் கட்டினார். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் போதுமான அளவு தளர்வு விட்டு, அதற்குமேல் ஒரு முழம்கூட விடாமல் கட்டினார். சுவரில் இடிக்காமல் இருக்கப் பழைய டயர் இரண்டைத் தொங்கவிட்டார். தள்ளி நின்று பார்த்தார். அழகாக இருந்தது. கைகால் கழுவ ஹத்தாப்பின் கடைக்குப் பின்பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது ஒரு கயிறு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"இது எப்படி அவுந்துச்சு?"

"புதுக்கயிறு," என்றார் சாதோக். "வழுக்கும்."

மறுபடி கட்டினார். மொபெட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்வதற்குமுன் எதற்கும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை மற்றக் கயிறு.

"அந்த முடிச்சைக் கொஞ்சம் மாத்திப் போடேன்," என்று சொல்லி, சாதோக் வலையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து வந்து போட்டுக் காட்டினார். ஒரு கண்ணி, அதற்குள் ஒரு நுழைப்பு, பின்னால் ஒரு சுற்று. முன்ஜியின் விரல்கள் முதலில் குழம்பின. பிறகு பழகின. ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டே போட்டார். இழுத்தால் இறுகியது, தள்ளினால் பிரிந்தது. இவ்வளவு எளிய விஷயம் தனக்கு இத்தனை நாள் தெரியாமல் போனதே என்று ஆச்சரியமாக இருந்தது.

ஆனாலும் இனி சலூஹாவை நம்பி விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் அவர் படகுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தார். காவல் இருப்பதுதான் ஒரே வழி.

ஹத்தாப், பெயிண்ட் போன வருத்தத்தையும் பானை உடைந்த வருத்தத்தையும் மீறி, ரொட்டிக்குள் சூரை மீனும் மிளகாய் விழுதும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். டீயும் கொடுத்தான். தண்ணீர் சத்தமே இல்லாமல் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. படகு அதோடு சேர்ந்து மெல்ல எழுந்தது. கயிறுகள் நீள வேண்டிய அளவுக்கு நீண்டன, தளர வேண்டிய அளவுக்குத் தளர்ந்தன. வெயில் மஞ்சளாகி, ஆழமில்லாத அந்தக் கடல் முழுவதும் தகடு மாதிரி மின்னியது. பெஷிர் சொன்ன காற்று வரவே இல்லை. ஈச்ச ஓலை ஒன்றுகூட அசையவில்லை.

கப்பல் தளத்தில் நின்று ஆயிரக்கணக்கான பேரைக் கடலுக்கு அனுப்பி வைத்தவர், அதன்மேல் இப்படிச் சும்மா உட்கார்ந்து பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது. ஷூ இல்லாத காலைத் தண்ணீரில் தொங்கவிட்டார். ரீம் சின்னக் குழந்தையாக இருந்தபோது இப்படித் தண்ணீரில் காலை விட்டு உதைப்பாள். இன்றைக்கு அவளுக்கு நிச்சயம். பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான். போகட்டும், பக்கத்தில்தான், ஒரு கப்பல் தூரம். தானே டிக்கெட் கிழித்து அனுப்பி, தானே டிக்கெட் கிழித்து வரவேற்கலாம். அடுப்பில் இருக்கும் கணவாயின் நினைவு வெகுநேரமாகத் தனக்கு வரவேயில்லை என்பதும் அவருக்குத் தோன்றவில்லை.

போன் அடித்தது.

"போதுங்க, வாங்க," என்றாள் ஸக்கியா. இப்போது அவள் குரலில் கவலையே இல்லை. "அவங்க எல்லாரும் வந்தாச்சு. பெஷிரும் வந்துட்டான்."

"படகு?"

"அது இருக்கும், வாங்க."

ஒற்றை ஷூவும், நீல மேகம் படிந்த சட்டையும், முழங்கையில் பொத்தான் வரிசையுமாக வந்து நின்ற பெண்ணின் தகப்பனாரைப் பார்த்து, மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து நின்றுவிட்டார். பெஷிர்தான் முந்திக்கொண்டு, "என் படகைக் காப்பாத்தத்தான் மச்சான் இன்னிக்கு முழுக்கப் போராடினாரு," என்றான். உடனே அந்த மனிதர் இரண்டு கைகளாலும் முன்ஜியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சினன் படகுக்கே இப்படின்னா, மருமகனை எப்படிப் பாத்துக்குவீங்க," என்றார்.

முன்ஜி அவசரமாக முகம் கழுவி, சட்டை மாற்றி வந்து உட்கார்ந்தார். கூஸ்கூஸ் வந்தது. கணவாய் வெண்ணெயாக வெந்திருந்தது. உப்பு அளவாக இருந்தது. சீரகம் இருக்கிறதா இல்லையா என்று நாக்குக்குத் தெரியாமல் மூக்குக்கு மட்டும் தெரிந்தது. ஸ்ஃபாக்ஸ்காரர்கள் முதல் கவளத்தில் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டாவது தட்டை அவர்களே கேட்டு வாங்கினார்கள். மாப்பிள்ளையின் தாயார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, இது எப்படிச் செய்தது என்று ஸக்கியாவிடம் கேட்டாள். அந்த ஊர்க்காரர்கள் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வருவது சாதாரண விஷயமில்லை. பேச்சு இழுக்காமல் முடிந்தது. ஃபாத்திஹா ஓதினார்கள். ரீம் யாரையும் பார்க்காமல் சிரித்தாள்.

பிறகு முன்ஜி, ஒரு துண்டுக் கயிற்றை வரவழைத்து, நாற்காலிக் காலில் அந்த முடிச்சைப் போட்டுக் காட்டினார். இழுத்தார், இறுகியது. தள்ளினார், பிரிந்தது. சம்பந்தி தானும் போட்டுப் பார்த்தார்.

எல்லாம் ஓய்ந்தபின், சேறு இன்னும் ஒட்டியிருந்த காலைக் கழுவ அவர் முற்றத்துக் குழாயடிக்கு வந்தார். மனசு நிறைந்திருந்தது. மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. படகும் பத்திரம். சமையலும், ஆள் இல்லாவிட்டால் என்ன, போனிலேயே சொல்லிச் சொல்லி எப்படியோ நடத்தியாயிற்று. குழாயைத் திறக்கக் குனிந்தபோது, பக்கத்திலிருந்த சமையல்கட்டு ஜன்னல் வழியாக, கூடமாட வேலை செய்ய வந்திருந்த அடுத்த வீட்டு நஜீபாவின் குரல் கேட்டது.

"அக்கா, வர்ற மாசம் எங்க வீட்லயும் விசேஷம் வருது, எங்க வீட்டுக்காரரும் லேசுல அடுப்படியை விட்டு நகர மாட்டாரு. பெஷிர்கிட்டச் சொல்லி அந்தப் படகை ஒரு நாளைக்கு எனக்குக் குடுங்களேன், அப்படியே கயித்தை அவுத்து அவுத்து விடறதுக்கு சாதோக் அண்ணன் வருவாரான்னும் கேட்டுச் சொல்லுங்க."